பட்டியலில் இல்லாத கரைப்பான்

பித்தநாளப் புற்றுநோய் பெரும்பாலும் முதுமையை நெருங்கியவர்களுக்கு வருவது. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த 11 ஆண்களுக்கு அது 25 முதல் 45 வயதுக்குள் வந்தது. ஆறு பேர் இறந்துபோனார்கள். தொழில்சார் நோய்களை ஆராயும் ஷின்ஜி குமகாய் 2012-ல் இதை வெளிக்கொண்டுவந்தார். இந்தப் புற்றுநோயின் பொதுவான இறப்பு விகிதத்தோடு ஒப்பிட்டால் அந்த ஆறு இறப்புகள் ஏறத்தாழ 2,900 மடங்கு.

அங்கே நடந்தது புரூஃப் அச்சடிப்பு. வண்ணம் சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சில தாள்கள் மட்டும் ஓட்டுவார்கள். வேலை மாறும்போதெல்லாம் ஆஃப்செட் எந்திரத்தின் பிளாங்கெட்டில், அதாவது ரப்பர் விரிப்பில், ஒட்டிய மையைத் துடைத்தாக வேண்டும். துணியைக் கரைப்பானில் நனைத்துக் கையால் துடைப்பது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடவை. நிலத்தடித் தளத்தில் இருந்த அந்த அறையிலிருந்து வெளியேறிய காற்றின் ஒரு பகுதி மறுபடி உள்ளேயே வந்தது. நச்சுவாயு முகமூடி கொடுக்கப்படவில்லை. கரைப்பானின் இனிய வாசனை எவரையும் எச்சரித்திருக்காது.

அதன் பெயர் 1,2-டைகுளோரோபுரொப்பேன். ஆரம்ப வருடங்களில் டைகுளோரோமீத்தேனும் புழங்கியது. பின்னது ஜப்பானியக் கரைப்பான் விதிகளின் பட்டியலில் இருந்தது, முன்னது இல்லை. இத்தனைக்கும் அது சுண்டெலிகளுக்குக் கல்லீரல் கட்டிகளை உண்டாக்குவதை அமெரிக்கச் சோதனை ஒன்று 1986-லேயே காட்டியிருந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களிடம் ஆதாரம் இல்லாத நிலையில், அதை வகைப்படுத்த முடியாதவற்றோடு வைத்திருந்தது. அந்த ஆதாரத்தை இந்த இளைஞர்களின் உடல்கள்தான் தர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஏன் பித்தநாளம்? நம் உடலில் குளூட்டாதயோன் என்றொரு பொருள் உண்டு. நச்சுகளோடு சேர்ந்து அவற்றை வெளியேற்றுவது அதன் வேலை. இந்தக் கரைப்பானோடு ஒரு நொதியின் துணையில் அது சேரும்போது, டிஎன்ஏவைச் சிதைக்கும் பொருள் உருவாகிறது என்பதே வலுவான விளக்கம். அந்த நொதி பித்தநாளத்தின் உட்சுவர்ச் செல்களில் இருக்கிறது. காக்க வந்த ஏற்பாடே கேடு செய்கிறது.

2013-ல் ஜப்பான் அரசு இதைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு வழங்கியது. கரைப்பானையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2014-ல் முகமை அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புக்கு மாற்றியது. ஆனால் ஒரு பொருளைத் தடுத்தால் நிறுவனங்கள் பட்டியலில் இல்லாத இன்னொன்றுக்கு நகர்ந்துவிடும். எனவே ஜப்பான் சட்டத்தையே திருத்தியது. 2016 ஜூன் முதல், 640 ரசாயனங்களைக் கையாளும் முதலாளிகள், அவற்றால் தொழிலாளிக்கு வரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டியதாயிற்று. தீங்கு இருக்கிறதா என்று கண்டறியும் சுமை, துடைக்கும் துணியைப் பிடித்த கையிலிருந்து கரைப்பானை வாங்கித் தரும் கைக்கு மாறியது.