போகிப் புகை ஏன் மேலே போகவில்லை?



இன்னும் சில நாட்களில் போகி வரப்போகிறது. அதற்குள் உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் போகி அன்று விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து, தெருப் பசங்களோடு மேளம் அடித்துக்கொண்டு பழைய சாமான்களை எரித்தேன். கிழிந்த பாய், தலையணை, கூடவே ஒரு சைக்கிள் டயர். டயரைப் போட்டது நான்தான். "போதும்டா, தம்பிக்கு வீசிங் வரும்" என்று அம்மா சொன்னாங்க. "நம்ம சென்னையில கடல் இருக்கும்மா, புகையெல்லாம் பறந்துடும்" என்று பெரிய விஞ்ஞானி மாதிரி பதில் சொன்னேன்.

ஆறு மணிக்கு ஆறு வயசுத் தம்பிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது வானம் பளிச்சென்று இருந்தது! அப்படியென்றால் காலையில் மட்டும் புகை ஏன் போகவில்லை?

லீவு முடிந்ததும் புவியியல் டீச்சரிடம் கேட்டேன்.

"குழம்பு கொதிக்கும்போது மூடி இல்லேன்னா ஆவி எங்கே போகும்?"

"மேலே போகும் மிஸ்."

"மூடி போட்டா?"

"உள்ளேயே சுத்தும்."

"ஊருக்கும் அப்படித்தான் ஒரு மூடி விழுது" என்றாங்க.

அந்த மூடி என்ன தெரியுமா? சாதாரணமாகத் தரைக்குப் பக்கத்தில் காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். சூடான காற்று லேசானது. அது மேலே எழும்பும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் மார்கழி இரவில் வானம் தெளிவாக இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடும். அதற்கு மேலே சூடான காற்று மூடி மாதிரி நிற்கும். இதற்குப் பெயர் வெப்பத் தலைகீழ் மாற்றம். கீழே உள்ள புகை மேலே போகவே முடியாது. வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும்.

சரி, கடற்காற்று எங்கே போச்சு? பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். ஆக, கடற்காற்று பகல் நேரத்து விருந்தாளி. நாம் எரிப்பதோ, அது வராத விடியற்காலையில்! 2018 ஜனவரி 13, போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து மறைத்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். நம்ம ஊரிலும் கடல் இருந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது அட்லஸில் டெல்லியைப் பாருங்கள். கடல் 800 கி.மீ.க்கும் அப்பால். வடக்கே இமயமலை சுவர் மாதிரி நிற்கிறது. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்தபின் தாளை எரிக்கும் புகை காற்றோடு வரும். அதே சமயம் குளிரும் தொடங்கி மூடி விழும். வண்டிப் புகை, ஆலைப் புகை, தூசு எல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஜூலையில் மழை வந்து கழுவிவிடும். காற்றும் பலமாக வீசும். ஊர் ஒன்றுதான், பருவம் மாறினால் மூச்சே மாறுகிறது!

லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இதே மாதிரி மூடி விழுந்தது. வீடுகளிலும் ஆலைகளிலும் எரித்த நிலக்கரிப் புகை ஐந்து நாள் நகரவில்லை. அப்போதைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவர்களால் குளிர்காலத்தை மாற்ற முடியவில்லை, ஆனால் எரிப்பதை மாற்ற முடிந்தது.

நண்பர்களே, மலையை நகர்த்த முடியாது. விடியற்காலையில் கடற்காற்றைக் கூப்பிடவும் முடியாது. ஆனால் தீக்குச்சி நம்ம கையில்தான் இருக்கிறது. டயர், பிளாஸ்டிக் புகை எந்த நேரத்திலும் விஷம்தான். அதை மூடி போட்ட நேரத்தில் எரித்தால், நம் தெருவில் உள்ள குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும்தான் முதலில் அதைச் சுவாசிப்பார்கள்.

இந்த வருஷம் எங்கள் வீட்டுப் பழைய பாயைக் குப்பை வண்டியிலும், டயரைப் பழைய இரும்புக் கடையிலும் கொடுக்கப் போகிறோம். மேளம் மட்டும் உண்டு. தம்பிதான் முதலில் அடிப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டான்!

பழையன கழியட்டும், புகையின்றிக் கழியட்டும்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்