ஆரஞ்சு உருண்டைகள் சொல்லும் கண்டங்களின் கதை

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் சந்திக்கும் எல்லையில் லாமிங்டன் பீடபூமி இருக்கிறது. ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை கக்கிய குழம்பு இறுகி உருவான மேடு. ஆயிரம் மீட்டர் உயரத்தில், அதன் உச்சிக்காட்டில் நடப்பவருக்கு முதலில் உறைப்பது குளிர். அடுத்து, மழை இல்லாதபோதும் சொட்டும் நீர். மேகம் மரங்களுக்குள் புகுந்து, இலையிலும் பாசியிலும் துளியாகத் திரண்டு இறங்குகிறது.

அங்கே அண்டார்டிக் பீச் மரங்கள் நிற்கின்றன. நாலைந்து மரங்கள் வட்டமாக நிற்பதாகத் தோன்றும். பல இடங்களில் அது ஒரே மரம்தான். நடுத்தண்டு என்றோ மட்கிப்போயிருக்க, அடியிலிருந்து கிளைத்தவை வாழையடி வாழையாகத் தொடர்கின்றன. இப்படிப்பட்ட சில அடிக்கட்டைகளுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் வயதிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்தக் காட்டின் பழமையை மரத்தைவிட அழுத்தமாகச் சொல்வது அதன் கிளைகளில் வசந்தத்தில் முளைக்கும் ஒரு பூஞ்சை என்பேன். பெயர் சிட்டாரியா. குழிகுழியான சிறு ஆரஞ்சு உருண்டைகள். அண்டார்டிக் பீச்சும் அடங்கிய தெற்கத்திய பீச் மரங்களைத் தவிர வேறெதிலும் இது வளராது. 1830-களில் பீகிள் கப்பலில் போன டார்வின், தென் அமெரிக்காவின் தென்முனையில், தியெரா டெல் ஃபியூகோ மக்கள் இதன் உறவினம் ஒன்றைச் சமைக்காமலே தின்பதைப் பார்த்து எழுதினார்.

பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் மரமும் அதன் ஒட்டுண்ணியும் சேர்ந்தே இருப்பது எப்படி? பீச் விதை தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. விடை நடுவில், பனிக்கண்டத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவில் பீச்சின் இலை, கட்டை, மகரந்தம் எல்லாமே புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன. தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பகுதிகளாக ஒட்டியிருந்த காலத்தில் இந்தக் காடு அவற்றின் குறுக்கே படர்ந்திருந்தது.

இந்தியாவும் அதே கோண்டுவானாவின் துண்டுதான். இருந்தும் நம் சோலைக்காடுகளில் இந்த மரம் இல்லை. இந்தியா 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலகத் தொடங்கிவிட்டது. பீச்சின் மிகப் பழைய மகரந்தத்துக்கு வயது சுமார் 8 கோடி. மரம் தோன்றுமுன் நம் நிலம் கிளம்பிவிட்டது.

லாமிங்டன் பகுதி அண்டார்டிக் பீச்சின் வட எல்லை. அங்கே விதையிலிருந்து எழும் கன்றுகள் அரிது. 2019–20 காட்டுத்தீ, உலகப் பாரம்பரியக் களமான கோண்டுவானா மழைக்காடுகளில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பைத் தொட்டது. தீயைத் தாங்காத இந்த மரத்துக்கு ஈரம்தான் காவல். வெப்பம் கூடி மேகம் உயரே விலகினால், ஏற்கெனவே உச்சியில் நிற்கும் இது ஏறிச் செல்ல அங்கே வேறு மலை இல்லை.