அறியாத ஏரிக்குத் தூண்டிலுடன்

தூண்டிலும் இரையும் ஆயத்தமானால் பயணமும் ஆயத்தமாயிற்று என எண்ணுவோர் பலர். பழக்கமில்லாத வடபுல ஏரிக்குச் செல்வோர்க்கு இவ்வெண்ணம் உயிராபத்தையே விளைவிக்கக்கூடும்.

கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில், வடதுருவ வட்டத்தின்மீது பரந்து கிடப்பது கிறேற் பெயார் ஏரி. பரப்பு சுமார் 12,000 சதுர மைல். ஆழம் 1,400 அடிக்கும் அதிகம். கோடையில் அங்குச் செல்ல விமானமே வழி. ஜூலையிலும் பனிக்கட்டி மிதப்பதுண்டாதலின், அம்மாதப் பிற்பகுதியும் ஆகஸ்டுமே ஏற்ற காலம்.

நீரின் குளிரோ கொடிது. வள்ளம் கவிழ்ந்து வீழ்ந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களில் மரத்துப்போம். நீச்சல் வல்லமையும் அப்போது கைகொடாது. ஆகவே மிதவை அங்கியே முதற்பொருள். அடுத்தது, ஏரியறிந்த வழிகாட்டியின் சொல். காற்றெழுந்தால் ஒதுங்கும் துறையை அவரே அறிவார். கரையிலுள்ள டெலினே ஊரின் டெனே மக்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வேரியை அறிந்தவர்கள்.

அனுமதிப்பத்திரமும், எதிர்முள் நீக்கிய தூண்டிலும் அங்கே சட்டப்படி வேண்டும். காரணம் உண்டு. 1995இல் 72 றாத்தல் எடையுள்ள ட்ரவுட் மீனொன்று இங்கே பிடிபட்டு உலக சாதனையாயிற்று. ஆயின் குளிர்நீரில் மீன் மிக மெதுவாகவே வளரும். பெருமீன் உருவாகப் பல பத்தாண்டுகள் செல்லும். உணவுக்குச் சிறியதைக் கொண்டு, பெரியதைக் காயமின்றி நீரில் விடுதலே முறை.

இன்பப் பயணத்தில் முதலில் நம் உயிரையும், அடுத்து மீனின் வமிசத்தையும் காப்போமாக!