உறைபனியும் உப்பும் காரும்

கார் கழுவுதல் என்றால் நம் ஊரில் அது அழகு பற்றிய காரியம். புழுதி படிந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் சிறிது சோப்பு. கழுவாமல் ஒரு மாதம் விட்டாலும் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. பின்கண்ணாடிப் புழுதியில் தெருப் பையன் எவனாவது விரலால் தன் பெயரை எழுதி வைப்பான், அவ்வளவுதான்.

வட அமெரிக்காவில் பேரேரிகளைச் சுற்றியுள்ள டெட்ராய்ட், பஃபலோ, டொராண்டோ போன்ற நகரங்களில் நிலைமை வேறு. அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை எந்தக் காரைப் பார்த்தாலும், சக்கரங்களைச் சுற்றியும் கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும். புதிதாகச் சென்றவர் அதைப் பனி என்று எண்ணுவார். அது உப்பு. வெப்பநிலை சற்றே ஏறிச் சுழியைத் தாண்டுகிற நாளில் கார் கழுவும் நிலையங்களின் முன் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மறுநாளே மீண்டும் அழுக்காகிவிடும் என்று தெரிந்தும் நிற்பார்கள். இதற்கான காரணம் நம் வேதியியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சொந்தமாகச் சைக்கிள் மட்டுமே வைத்திருக்கும் நான் காரைப் பற்றி எழுதத் துணிந்ததும் அதனால்தான்.

முதலில், சாலையில் உப்பு ஏன் வந்தது? மாலை நேரத்தில் மணியடித்துக்கொண்டு வரும் குல்பி ஐஸ்காரரின் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். உடைத்த ஐஸ்கட்டிகளோடு அவர் கல்லுப்பையும் அள்ளிப் போட்டிருப்பார். உப்புச் சேர்ந்ததும் ஐஸ் உருகும். ஆனால் உருகிய நீர் முன்னைவிடக் குளிர்ந்திருக்கும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் பிரிந்து நீராவதும், நீர் மூலக்கூறுகள் மீண்டும் கட்டியோடு ஒட்டிக்கொள்வதும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கின்றன. 0 டிகிரி செல்சியசில் இவ்விரண்டும் சமமாக இருக்கும். நீரில் உப்பு கரைந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும் வேலை தளர்கிறது. பிரியும் வேலை மேலோங்குகிறது. அதனால் சுழிக்குக் கீழே சென்றாலும் உப்புநீர் உறைவதில்லை. நூற்றுக்கு 23 பங்கு அளவில் உப்பு கரைந்த நீர், சுழிக்குக் கீழ் 21 டிகிரி வரை நீராகவே நிற்கும். இதற்குமேல் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் இந்த எல்லை இறங்காது.

இது குடுவைக்குள் கிடைக்கும் கணக்கு. சாலையில் அவ்வளவு செறிவு கிடைப்பதில்லை. சுழிக்குக் கீழ் 9 அல்லது 10 டிகிரியோடு சாதாரண உப்பு சோர்ந்துவிடுகிறது. அதற்கும் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு இவற்றைக் கலக்கிறார்கள். கடுங்குளிர் பகுதிகளில், உருக்கும் முயற்சியைக் கைவிட்டு, சக்கரம் வழுக்காமல் பிடிப்பதற்காக மணலைத் தூவிவிடுகிறார்கள். மணல் துருவை உண்டாக்காது. ஆனால் முன்செல்லும் வண்டியின் சக்கரத்திலிருந்து தெறித்துப் பின்வரும் வண்டியின் வண்ணப்பூச்சைக் கொத்திவிடும். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் சோதனையாகச் சாலையில் உப்பிட்டது. இன்று அந்நாட்டுச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உப்பு கொட்டப்படுகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் விளைவதையே பார்த்துப் பழகிய நமக்கு, இவ்வளவு உப்பு வெயில் குறைந்த நாட்டில் எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்வி எழும். அது நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் இருந்த கடல் வற்றி விட்டுச்சென்ற உப்பு, பாறையாக இறுகிக் கிடக்கிறது. கனடாவில் ஹ்யூரான் ஏரிக்கரையிலுள்ள காடரிச் என்னும் சிற்றூரில் 1959இல் தொடங்கப்பட்ட சுரங்கம், ஏரியின் அடியிலேயே ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில் செல்கிறது. உலகின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுவே. வியப்பானது டெட்ராய்ட் நகரம்தான். உலகுக்கே கார் செய்து அனுப்பிப் பெயர்பெற்ற அந்நகரின் கீழே, ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. காரும் அதைத் தின்னும் உப்பும் ஒரே ஊரிலிருந்து புறப்படுகின்றன!

தின்னும் என்று சொன்னது மிகையன்று. துருப்பிடித்தலை நாம் ஏதோ இரும்பின் மேல் படியும் அழுக்கைப் போல் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு துருப்புள்ளியும் ஒரு சிறிய மின்கலம். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூ. ஆர். எவான்ஸ் என்னும் அறிஞர் இதை ஒரு நீர்த்துளியைக் கொண்டே காட்டினார். நம் ஆய்வகத்தில் எவரும் செய்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விடுங்கள். அதில் சிறிதளவு பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஃபினால்ப்தலீனும் கலந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறும். நீலம் இருக்குமிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. சிவந்த இடத்தில் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனும் நீரும் ஹைட்ராக்சைடாகின்றன. துளியின் விளிம்புக்குக் காற்று எளிதில் கிடைக்கிறது; நடுவிலே கிடைப்பதில்லை. ஆக்சிஜன் மிகுந்த இடம் பிழைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் அரிக்கப்படுகிறது.

இதில் உப்புக்கு என்ன வேலை? வெறும் நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். ஆதலால் மின்கலம் விரைந்து வேலை செய்கிறது. மேலும், இரும்பின் மேல் இயல்பாக உண்டாகும் மெல்லிய ஆக்சைடு ஏட்டைக் குளோரைடு அயனி துளைத்துவிடுகிறது.

எவான்சின் துளியைக் காரின் அடியில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். சக்கர வளைவின் உட்புறத்திலும், தகடுகள் மடிந்து சேரும் இடுக்குகளிலும் உப்புச் சேறு அப்பிக் கிடக்கிறது. சேற்றின் அடியில் ஈரம் உண்டு, உப்பு உண்டு, காற்று மட்டும் குறைவு. துளியின் நடுப்பகுதியில் இருந்த நிலைமை இங்கே அப்படியே அமைந்துவிடுகிறது. எனவே துரு, கண்ணில் படும் பளபளப்பான மேல்தகட்டில் தொடங்குவதில்லை; சேறு மூடிய மறைவிடத்தில்தான் தொடங்குகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு சல்லடையாகியிருக்கும்.

‘உப்பு காய்ந்துவிட்டால் தீமை இல்லையே’ என்று கேட்கலாம். காய்ந்தால்தானே! ஐப்பசி மாதத்தில் நம் வீட்டு உப்புச் சாடி கசிந்து நிற்பதைப் பார்க்கிறோம். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கல்லுப்பு அதைவிட எளிதில் கசிவதற்குக் காரணம் அதில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு. அதற்கு ஈரப்பதம் 33 இருந்தாலே போதும். கடுங்குளிருக்கென்று சாலையில் தூவுவதும் இதே பொருள்தான் என்பதை முன்பே கண்டோம். அது ஒட்டிய வண்டி வறண்ட நாளிலும் ஈரமாகவே இருக்கும்.

இதிலிருந்து ஒரு விந்தையான முடிவு கிடைக்கிறது. பனியில் நனைந்த காரை வெளியே விட்டுவைப்பதா, வெப்பமூட்டிய கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்துவதா? கொட்டகைதான் நல்லது என்று எவரும் சொல்வர். ஆனால் சுழிக்குக் கீழ் 15 டிகிரியில் வெளியே நிற்கும் வண்டியில் உப்புச் சேறு பெரும்பாலும் இறுகிக் கிடக்கும்; வேதிவினையும் மந்தமாக நடக்கும். கொட்டகையின் இதமான சூட்டில் சேறு உருகி இடுக்கெல்லாம் பரவி, இரவு முழுவதும் இரும்பைத் தின்னும். வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகமும் ஏறும் என்பது நாம் அறிந்ததுதானே. உப்பைக் கழுவிவிட்டு உலர்த்துவதற்கென்றால் கொட்டகை நல்லது. கழுவாத வண்டிக்கு அது நல்ல இடம் அன்று.

இத்தனை கவலையும் வெறும் தகட்டுக்காக என்றால் பணக்காரர் கவலை என்று விட்டுவிடலாம். காரின் அடிப்புறத்தில் பிரேக் ஆயில் செல்லும் மெல்லிய எஃகுக் குழாய்கள் ஓடுகின்றன. அவை துருவில் மெலிந்து, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தும் நேரத்தில் வெடித்துவிடக்கூடும். அமெரிக்காவில் பழைய சரக்குந்துகள் சிலவற்றில் இவ்வாறு நேர்வது குறித்து, அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்தது. 2015 ஏப்ரலில் அது வெளியிட்ட அறிவுரை, குளிர்காலம் முழுவதும் வண்டியின் அடிப்புறத்தை அவ்வப்போது கழுவுங்கள் என்பதே. கார் கழுவுதல் உயிர் காக்கும் செயல் என்று ஓர் அரசு நிறுவனமே சொல்ல வேண்டியதாயிற்று.

கார் செய்பவர்களும் வாளாவிருக்கவில்லை. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 911 வண்டியின் உடலை 1976 மாதிரி முதல் துத்தநாகம் பூசிய எஃகினால் செய்தது. பின்னர் மற்றவர்களும் அவ்வழியில் வந்தார்கள். இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை இழப்பது துத்தநாகம். ஆகவே அது தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. வண்டியின் உடல் முழுவதையும் வண்ணத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தைக் கொண்டே பூச்சைப் படியவைக்கும் முறையும் வந்தது. இதனால் இன்றைய வண்டிகள் முன்னைவிட நெடுநாள் தாங்குகின்றன. ஆனால் தெறித்து வந்த கல்லோ மணலோ பூச்சைக் கொத்திய இடத்தில் பழைய கதைதான்.

இனிக் கழுவும் முறைக்கு வருவோம். முதல் வேலை குளிர் வருமுன்பே தொடங்குகிறது. இலையுதிர் காலத்திலேயே வண்டியைத் தேய்த்துக் கழுவி, கொத்துப்பட்ட இடங்களுக்கு வண்ணம் தொட்டு, மெழுகு பூசிவிட வேண்டும். மெழுகின் மேல் உப்புநீர் எளிதில் தங்காது. பாத்திரம் துலக்கும் சோப்பு இங்கே ஆகாது; எண்ணெய்ப் பசையை எடுக்கும் அந்தச் சோப்பு மெழுகையும் எடுத்துவிடும்.

குளிர்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது பலரது வழக்கம். சாலையில் புதிதாக உப்பிட்டிருந்தால் அதற்கும் முன்பே. வெப்பநிலை சுழிக்கு மேல் 4, 5 டிகிரி இருக்கும் நண்பகலாகப் பார்த்துக்கொள்வார்கள். அப்போதுதான் மாலைக் குளிருக்குள் வண்டி காயும். முதலில் கை வைக்காமல் நீரை விசையோடு பீய்ச்சிச் சேற்றை இளக்க வேண்டும். வந்ததும் துணியால் துடைத்தால், மணல் உப்புத்தாளைப் போல் வண்ணத்தைக் கீறிவிடும். நீரின் பெரும்பங்கு சக்கர வளைவுக்கும் அடிப்புறத்துக்கும் போக வேண்டும். கழுவும் நிலையங்களில் அடியிலிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சும் அமைப்பு இருக்கும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடலாம். மேல்தகட்டைப் பளபளப்பாக்கும் மெருகுக்குக் கேட்கும் காசுதான், என் கணக்கில், வீண். சில நிலையங்கள் பயன்படுத்திய நீரையே வடிகட்டி மீண்டும் விடுவதுண்டு. கடைசி அலசலாவது நல்ல நீரில்தானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. உப்புநீரால் உப்பைக் கழுவி என்ன பயன்?

கழுவிய பிறகு உள்ள வேலையே நமக்குப் புதுமையானது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைகளில் நீர் நின்றால், இரவில் உறைந்து கதவு ஒட்டிக்கொள்ளும். காலையில் பலமாக இழுத்தால் ரப்பர் கிழிந்து கையோடு வரும். ஆகவே எல்லாக் கதவுகளையும் திறந்து துடைத்து, ரப்பரில் சிலிக்கோன் பசையைத் தடவுவார்கள். பிறகு சிறிது தொலைவு ஓட்டி, மெதுவாகப் பிரேக்கை அழுத்தி அழுத்தி அதிலுள்ள ஈரத்தைப் போக்குவார்கள். ஈரத்தோடு கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்தினால், அது உறைந்து விடியற்காலையில் வண்டி நகர மறுக்கும். முன்கண்ணாடியில் படிந்த உறைபனியை வெந்நீர் ஊற்றிக் கரைக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கூடாது, திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் நீரை ஊற்றுவதில்லை. மெத்தனால் கலந்து சுழிக்குக் கீழ் 40 டிகிரி வரை உறையாத நீலநிறத் திரவத்தை ஊற்றுகிறார்கள். நம் நாட்டில் கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமாகும் அதே மெத்தனால்தான். குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டியது.

காலணியோடு வண்டிக்குள் வரும் உப்பையும் மறந்துவிடக் கூடாது. குழிவான ரப்பர் விரிப்புகளைப் போட்டு, உருகித் தேங்கும் நீரை அவ்வப்போது வெளியே கொட்டிவிடுவார்கள். அடியிலுள்ள கம்பளத்தில் வெள்ளைக் கறை படிந்துவிட்டால், வினிகரும் வெதுவெதுப்பான நீரும் சமமாகக் கலந்து தெளித்து ஒற்றி எடுப்பார்கள்.

ஏப்ரலில் பனி கரைந்து சாலைகள் வெளுத்த பின், ஆண்டின் மிகப்பெரிய கழுவல் நடக்கிறது. வெயில் ஏற ஏற, ஒளிந்திருக்கும் உப்பின் வேகமும் ஏறும் அல்லவா? அன்றைக்கு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்புறத்தை அங்குலம் அங்குலமாக அலசுவார்கள். கதவின் அடி விளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. குளிர்காலச் சேறு அவற்றை அடைத்திருக்கும். மெல்லிய குச்சியால் குத்தித் திறந்தால், நான்கு மாதமாக உள்ளே தங்கிய கறுத்த உப்புநீர் சொட்டுச் சொட்டாக வடியும். தெளிந்த நீர் வரும்வரை அலசிவிட்டுத்தான் குழாயை மூடுகிறார்கள்.