டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்

‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ 1982இல் மும்பையில் பதிவாகி எச்.எம்.வி. வெளியிட்ட இசைத்தட்டு. வாசித்தவர் சரண்ஜித் சிங். இந்திப் பட இசைக்குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்துவந்த கலைஞர் அவர். படங்களில் டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நேரம் அது. தபலாவை நிறுத்திவிட்டு அந்தத் தாளத்தின் மேல் ராகங்களை வாசித்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தட்டு விற்கவில்லை. இருபது ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

இசைக்கு ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகளே போதுமானவையாக இருந்தன. டி.ஆர்.-808 தாளம் போட்டது. ஜூபிட்டர்-8 ராகத்தை வாசித்தது. மூன்றாவது டி.பி.-303. பேஸ் கிதார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்கென்று செய்யப்பட்ட சிறு பெட்டி அது. கிதார் போல ஒலிக்காததால் 1984இல் அதன் உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. கர்நாடக இசையில் ஜாரு என்கிற கமகத்துக்கு இது மிக நெருக்கம். அந்தக் குணம் ராகம் வாசிப்பவருக்கு இயல்பாகப் பொருந்தியது. இந்த ஆல்பத்தின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்.

பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி என்பவை அந்தப் பத்து ராகங்கள். தஞ்சைப் பக்கத்துச் செவிக்கு இவற்றில் பல பழக்கமானவை. பைரவின் ஸ்வரங்கள் மாயாமாளவகௌளையுடையவை. பூபாலி மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. யமன் கல்யாணிக்கு மிக அருகில் இருக்கிறது. இதிலுள்ள தோடியை மட்டும் நம் தோடியாக எண்ணிவிடக் கூடாது. அதன் ஸ்வரங்கள் சுபபந்துவராளியுடையவை. பள்ளிப் பருவத்தில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை கற்ற எவருக்கும், பைரவிலிருந்து தொடங்கினால், வழி எளிதாகப் பிடிபடும்.

இந்தத் தட்டு ஆம்பியன்ட் இசையையும் நினைவூட்டுகிறது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ என்ற ஆல்பத்தின் மூலம் அந்த இசை வகைக்குப் பெயர் தந்தார். எங்கும் போய்ச்சேர அவசரப்படாமல் ஒரே ஒலிச்சூழலில் கேட்பவரை இருக்கவைப்பது அதன் நோக்கம். சரண்ஜித் சிங்கின் தாளம் வேகமானதுதான். ஆனாலும் கார்டுகள் எனப்படும் ஸ்வரக் கூட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும் மேற்கத்தியப் பாட்டின் போக்கு இங்கே இல்லை. ஒவ்வொரு ராகமும் சுமார் ஐந்து நிமிடம் ஒரே ஆதார சுருதியில் நிற்கிறது. தஞ்சை மாவட்டத்தின் பூதலூர் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நாகசுரத்துக்குப் பின்னால் ஒருவர் மூச்சு அறுபடாமல் ஒத்து ஊதுவதைக் கேட்டவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. மேடையில் அந்த வேலையை இப்போது பல இடங்களில் மின்னணு சுருதிப் பெட்டி செய்கிறது.

குறையும் உண்டு. வீணைத் தந்தியை இழுத்துப் பிடிக்கும் விரல் தரும் நுண்ணிய அசைவு கீபோர்டின் கட்டைகளில் வராது. மதுவந்தி போன்ற குழைவான ராகத்தில் இது நன்றாகவே தெரிகிறது. ஐந்து ஸ்வர ராகங்கள் இந்தக் கருவிகளுக்குச் சிறப்பாக இசைகின்றன. மால்கௌன்ஸும் கலாவதியும் தட்டின் உச்சம் என்றே சொல்ல வேண்டும்.

எடோ பௌமன் என்ற நெதர்லாந்து இசைத்தட்டுச் சேகரிப்பாளரின் கைக்கு 2002இல் டெல்லியில் ஒரு பழைய பிரதி கிடைத்தது. 2010இல் அவரது பாம்பே கனெக்‌ஷன் நிறுவனம் மறுபதிப்பு வெளியிட்டது. உலகம் வியந்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. சிகாகோவில் பியூச்சர் என்ற குழு அதே டி.பி.-303ஐ வைத்து 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ என்ற தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை கிளம்பியது. மும்பைத் தட்டு அதற்கு ஐந்து ஆண்டு முந்தியது. உடனே சரண்ஜித் சிங்கை அந்த வகையின் தந்தை என்று எழுதத் தொடங்கினார்கள். சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்குச் சான்றில்லை. அவரும் ராகம்தான் வாசித்தார். முன்னோடி என்ற பட்டத்தைவிட அந்த வாசிப்பே அதிகம் மதிக்கத்தக்கது.

மறுபதிப்புக்குப் பின் முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளிலும் அவர் இந்த ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.