மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி

ஹவுராவிலிருந்தும் தன்பாத்திலிருந்தும் வரும் ரயில்கள் காட்பாடியில் நிற்கும்போது, எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கியபடி இறங்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு இதுதான் வாசல். இதயக் கோளாறுக்காக வருகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள் அல்ல. கொழுப்போ சர்க்கரையோ இல்லாத, முப்பதைத் தொடாத பெண்களும் அவர்களில் உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும். அவர்களில் பலருக்குக் காரணம் பள்ளிக்கூட வயதில் வந்த ஒரு தொண்டை வலி.

கிருமி போன பிறகு வரும் நோய்

‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா 5 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளின் தொண்டையை அடிக்கடி பிடிக்கும். சளியும் இருமலும் பெரிதாக இருக்காது. காய்ச்சலும் எச்சில் விழுங்க முடியாத வலியும் இருக்கும். சில நாளில் சரியாகிவிடும். சிக்கல் இரண்டு மூன்று வாரம் கழித்து வருகிறது. பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ‘எம்’ புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத் தசையின் புரதத்தை ஒத்திருக்கின்றன. கிருமியை அடிக்க உடல் தயாரித்த எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் இதயத்தையும் மூட்டுகளையும் தாக்குகிறது. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். இன்று முழங்கால் வீங்கும், நாளை கணுக்கால் வீங்கும், பிறகு இரண்டும் வற்றிவிடும். மூட்டில் தழும்பு நிற்பதில்லை. இதய வால்வில் நின்றுவிடுகிறது.

அதிகம் அடிபடுவது இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு. அதன் இரண்டு இதழ்களும் ஓரங்களில் ஒட்டி, தடித்து, மீன் வாய்போல ஒரு பிளவு மட்டும் மிஞ்சுகிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டிய வழி ஒன்றரைக்கும் கீழே சுருங்கினால் நோய் கடுமை. ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவே ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடுவதால், அதுவரை தெரியாமலிருந்த அடைப்பு அப்போது வெளிப்படும். ‘மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் விட்டுவிடுவது ஆபத்து. ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் தெரிந்துவிடும்.

விரலும் பலூனும்

வேலூரில் இதயத்தைத் திறக்காமலே இந்த வால்வைத் திறந்தார்கள். விலா எலும்புகளுக்கு இடையே புகுந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேலறையில் சிறு துளையிட்டு, மருத்துவர் ஒரு விரலை உள்ளே விடுவார். கண்ணுக்குத் தெரியாத வால்வை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். கீழறை வழியே வரும் விரிப்பான் ஒட்டிய ஓரங்களைப் பிரிக்கும். டாக்டர் ஸ்டான்லி ஜானும் சகாக்களும் இப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் விவரங்களை 1983இல் வெளியிட்டார்கள். உலகளவில் இது பெரிய தொகுப்பு.

விரலின் இடத்தைப் பலூன் பிடித்தது. ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் இம்முறையை வெளியிட்டார். தொடைச் சிரை வழியே குழாய் போய், மேலறைச் சுவரைத் துளைத்து, வால்வுக்குள் பலூன் ஊதப்படுகிறது. மார்பைப் பிளக்க வேண்டாம். வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருந்தால் மாற்றுவதுதான் வழி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் கழகத்தில் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்கு அது கைகொடுத்தது.

உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை எடுக்க வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டும். முருங்கைக்கீரை ஒரு வாரம் தட்டு நிறையவும் மறு வாரம் இல்லாமலும் போனால் அளவு குழம்பும், ஏனெனில் கீரையின் வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கிறது. கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

புதியது எல்லாம் நல்லதா?

வால்வு சுருங்கி இதயத்துடிப்பும் தாறுமாறானவர்களுக்கு இந்தப் பரிசோதனைத் தொல்லை இல்லாத ரிவராக்சபான் மாத்திரை தரலாமே என்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். 2022இல் வந்த முடிவு எதிர்பார்ப்புக்கு நேர்மாறு: வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு.

தடுப்பிலும் பழைய பெனிசிலின்தான் முன்னால் நிற்கிறது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின், பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், இடுப்பில் போடுவார்கள். பால்போலக் கெட்டியான மருந்து, ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும், போட்ட இடம் இரண்டு நாள் கடுக்கும். வால்வு கெட்டவர்களுக்கு இது 40 வயதுவரைகூடத் தொடரும். வலிக்குப் பயந்தும் ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறதே’ என்றும் நிறுத்துகிறவர்கள் அதிகம். தொண்டைத் தொற்று மறுபடி வந்தால் வால்வு மேலும் கெடும். அறிகுறியே இல்லாமல் எக்கோவில் மட்டும் நோய் தெரிந்த உகாண்டா பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு இரண்டாண்டில் நோய் முற்றியது. போட்டவர்களில் 0.8 சதவீதம் மட்டுமே. தோலுக்கடியில் செலுத்தினால் பல வாரம் நீடிக்கும் பெனிசிலினும், ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசியும் ஆய்வில் உள்ளன.

வேலூர் கிராமப்புறப் பள்ளிகளில் 2001-02இல் சிஎம்சி மருத்துவர்கள் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 0.68 பேரிடமே நோய் இருந்தது. ஆனால் ஸ்டெதாஸ்கோப்புக்குக் கேட்காத ஆரம்ப நோயைக் கையடக்க எக்கோ கருவி காட்டிவிடும் என்பதால், உண்மைக் கணக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

விரல், பலூன், உலோக வால்வு எல்லாமே நோய் வேலையை முடித்த பிறகு வருபவை. தொண்டைத் தொற்று தொடங்கிய ஒன்பது நாளுக்குள் சரியான ஆன்டிபயாடிக்கைத் தந்தால் ருமாட்டிக் காய்ச்சலே வராமல் தடுக்கலாம். அந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கக்கூடியது. சளி இல்லாமல் காய்ச்சலும் தொண்டை வலியுமாகப் பிள்ளை படுத்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி எழுதித்தந்த பிள்ளைக்கு, அடுத்த ஊசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, பரீட்சையானாலும் திருவிழாவானாலும் தவறாமல் போடுங்கள்.