டிபன் பாக்சில் ஒளித்த மாத்திரை!
'கீழ்ப்பாக்கம்' கிண்டலுக்குப் பயந்த குமாஸ்தா

சென்னை எழும்பூர் பக்கம் ஒரு அரசு அலுவலகம். அங்கே ஒரு குமாஸ்தா. வயது 42. "பேர் போட்டுடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் வேண்டாம்.

மதியம் மணி ஒன்று அடித்தால் டிபன் பாக்சோடு மாடிப்படிக்குப் பின்னால் போய்விடுவார். "வீட்டுல பழைய சோறு போல" என்று சக ஊழியர்கள் சிரித்தார்கள். விஷயம் சோறு இல்லை. மூடிக்குள் மாத்திரை! மனநோய்க்கு டாக்டர் கொடுத்தது.

"தெரிஞ்சா கீழ்ப்பாக்கம் கேசுன்னு பேர் வெச்சிடுவாங்க. சீட்டு கிழிஞ்சிடும்னு பயம்" என்றார்.

சென்னையில் இந்தக் கிண்டலை அடிக்காதவர் யார்? இதை எழுதும் நிருபரும் அடித்தவன்தான்.

யாராவது படிக்கட்டுப் பக்கம் நின்றால் அன்று மாத்திரை கிடையாது. இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டதில் தூக்கம் போயிற்று. கணக்கில் கூட்டல் தப்பியது. மெமோ வந்தது. இன்னொரு மெமோவும் வந்தது.

மூன்றாவது மெமோ எழுத வேண்டியவர் ஹெட் கிளார்க். அவர் எழுதவில்லை. டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"மெமோ கெடக்குது. ராத்திரி தூங்குனியாப்பா?"

அவ்வளவுதான். குமாஸ்தா அழுதுவிட்டார். டீ ஆறிப்போனது.

மறுவாரம் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வெளிநோயாளி வரிசையில் ஹெட் கிளார்க்கும் கூடவே நின்றார். அதிகாரியிடம் பேசி, கவுண்டரிலிருந்து ரிக்கார்டு ரூமுக்கு மாற்றினார். சம்பளத்தில் கை வைக்கவில்லை.

வேலை போகுமா?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த வேலை பார்க்க முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். 20-ம் பிரிவு இப்படிச் சொல்கிறது.

கடைச் சிப்பந்திக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 

ஆனால் போன் எல்லோருக்கும் பொது. 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச மனநல உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம். நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

குமாஸ்தா இப்போது எங்கே சாப்பிடுகிறார்?

"ஹெட் கிளார்க் மேஜையிலதான். மாத்திரை போட்டியான்னு அவரே கேப்பாரு. மத்தவங்க முதல்ல திரும்பிப் பார்த்தாங்க. இப்ப ஊறுகாய் கேக்குறாங்க."